கடைமடைக்கு எட்டாத மருந்து

வீடு துடைக்கும்போதுதான் அந்த அம்மா கவனிக்கிறார். வாசற்படியில் தொடங்கி அடுப்படி வரை, தப்படிக்கு ஒன்றாகக் காய்ந்த ரத்தப் பொட்டுகள். "ஏங்க, கால்ல என்ன ஆச்சு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லையே" என்கிறார் கணவர். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால் பெருவிரலுக்கு அடியில் ஒரு துளை. வாசலில் கிடக்கும் ரப்பர் செருப்பைப் புரட்டினால், அடிப்பாகத்தைக் குத்திக்கொண்டு ஓர் ஆணி நிற்கிறது. முந்தின நாள் முழுக்க அதன் மேல்தான் நடந்திருக்கிறார். வலிக்கவே இல்லை.

அடுத்த அரை மணியில் அந்த அம்மா தெருமுனை மெடிக்கலில். "அண்ணே, வீட்டுக்காரருக்குச் சுகர் புண்ணு. சீக்கிரம் ஆறுற மாதிரி நல்ல மாத்திரையா குடுங்க." மூன்று நாளைக்கு ஆறு மாத்திரை. கூடவே இரண்டு கேப்சூல். பிரித்து, உள்ளே இருக்கும் பொடியைப் புண்ணில் தூவிக் கட்டச் சொல்கிறார் கடைக்காரர்.

பெயரையும் தெருவையும் மாற்றிக்கொண்டால் போதும், நம் ஊரில் தினமும் நடக்கிற கதைதான் இது. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. டாக்டரைப் பார்க்கப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். மெடிக்கல் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வியில் ஒரு சிக்கல் இருக்கிறது. "எந்த மாத்திரை?" என்பது சர்க்கரைப் புண்ணைப் பொறுத்தவரை நான்காவது கேள்வி. அதற்கு முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். கிருமி தொற்றியிருக்கிறதா? உள்ளே சீழோ செத்த சதையோ தேங்கியிருக்கிறதா? அந்த இடத்துக்கு ரத்தம் போகிறதா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேர். நீரிழிவு உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது வாழ்நாளில் ஒரு முறை காலில் புண் வரும். மூன்றில் ஒருவருக்கு வரலாம் என்றும் மதிப்பீடு உண்டு. அந்தப் புண்களில் ஏறக்குறைய பாதியில் கிருமி தொற்றுகிறது. மீதிப் பாதிக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. அந்தப் பாதி எது என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கிருமி இருப்பது வேறு, தொற்று வேறு

நம் தோல் ஒரு நாளும் கிருமி இல்லாமல் இருந்ததில்லை. தோல் திறந்துகொண்டால் ஓரிரு நாளில் அவை புண்ணின் மேலும் குடியேறிவிடும். மேலே குடியிருக்கும் கிருமிகள் எல்லாம் சதைக்குள் இறங்கித் தாக்குவதில்லை. இறங்கித் தாக்கி, உடம்பும் எதிர்த்துப் போராடத் தொடங்கினால்தான் அது தொற்று. எனவே தொற்றை முடிவு செய்வது லேபில் அல்ல. கண்ணும் கையும்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீரிழிவுக் கால் பற்றிய சர்வதேச மருத்துவர் குழுவும் அமெரிக்கத் தொற்றுநோய் சங்கமும் 2023இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி இதை எளிதாக்கித் தருகிறது. வீக்கம், புண்ணைச் சுற்றி அரை சென்டிமீட்டருக்கு மேல் சிவப்பு, தொட்டால் வலி, சூடு, சீழ் ஆகிய ஐந்தில் குறைந்தது இரண்டு இருந்தால் தொற்று. சிவப்பு இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டாமல், தோலோடும் அதன் அடித் திசுவோடும் நின்றால் லேசானது. அதைத் தாண்டினாலோ, தசை, எலும்பு வரை இறங்கினாலோ நடுத்தரம். காய்ச்சல், படபடப்பு, மூச்சு வாங்குதல் என்று உடம்பு முழுக்க எதிரொலித்தால் கடுமையானது. தொற்று இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. புண் சீக்கிரம் ஆறும் என்றோ, வருமுன் காப்பதாக நினைத்தோ கொடுத்தாலும் அதனால் பலன் இல்லை.

இங்கே நம் ஊருக்கென்று ஒரு திருத்தம் தேவை. பாடப்புத்தகத்தில் இருக்கும் 'சிவப்பு' வெள்ளைத் தோலில் தெரிகிற சிவப்பு. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அது கருஞ்சிவப்பாகவோ ஊதா சாயலிலோ தெரியும். சில சமயம் தெரியவே தெரியாது. அதனால் புறங்கையை இரண்டு பாதங்களிலும் மாறி மாறி வைத்துப் பார்ப்பதுதான் நமக்கு நம்பகமான வழி. புண் உள்ள கால் மற்றதைவிடச் சுடுகிறதா? தோல் இழுத்துப் பிடித்தாற்போல் மினுங்குகிறதா? தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா? நேற்றுவரை கட்டுக்குள் இருந்த சுகர் காரணமே இல்லாமல் எகிறியிருக்கிறதா? நரம்பு மரத்த காலில் வலியைத் துணைக்கு அழைக்க முடியாது. கடுமையான தொற்று உள்ள பலருக்குக் காய்ச்சல்கூட வருவதில்லை. ஆகவே "காய்ச்சல் இல்லையே, வலி இல்லையே" என்பது ஆறுதல் ஆகாது.

எதிர்ப்பக்கம் ஏமாறுவதும் உண்டு. புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து சுடும். தொற்று என்று நினைத்து வாரக்கணக்கில் மாத்திரை தருவார்கள். உண்மையில் அது 'சார்கோ பாதம்' ஆக இருக்கலாம். உணர்வற்ற காலின் எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கும். அதற்குத் தேவை மாவுக்கட்டு. ஆன்டிபயாடிக் தின்றுகொண்டே நடந்தால் பாதத்தின் வளைவு சரிந்து, காலே உருக்குலைந்து போகும்.

தூர் வாராமல் மதகைத் திறந்தால்

தஞ்சைப் பக்கத்து விவசாயிக்குக் கடைமடை என்றால் விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் எவ்வளவு திறந்துவிட்டாலும், வாய்க்காலில் மண் மேடிட்டிருந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது. ஜூன் 12 அன்று அணை திறப்பதற்கு முன்பே தூர் வாரிவிட வேண்டும் என்று அவர்கள் குரல் கொடுப்பது அதனால்தான்.

பாதம் உடம்பின் கடைமடை. விழுங்கிய மாத்திரையானாலும் கை ரத்தக்குழாயில் ஏற்றிய ஊசியானாலும், மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் புண்ணுக்குப் போக வேண்டும். நீரிழிவு அந்த வாய்க்கால்களை, குறிப்பாக முழங்காலுக்குக் கீழுள்ள தமனிகளை, அடைத்துவைக்கிறது. செத்துக் கறுத்த சதைக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. சீழ் தேங்கிய பொந்துக்குள் மருந்து போதிய அளவில் நுழைவதில்லை. போதாக்குறைக்குக் கிருமிகள் புண்ணின் மேல் பிசுபிசுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதன் அடியில் பதுங்குகின்றன. இந்த நிலையில் டோஸைக் கூட்டுவதும், விலை உயர்ந்த மருந்துக்கு மாறுவதும் மதகை இன்னும் கொஞ்சம் தூக்குவதற்குச் சமம். தண்ணீர் மேல்மடையிலேயே நின்றுவிடும். அங்கே குடலிலும் சிறுநீரகத்திலும் பக்கவிளைவுகள் மட்டும் விளையும்.

தூர் வாருவது என்பது இங்கே கத்தியும் கத்தரிக்கோலும்தான். செத்த சதையை ரத்தம் கசியும் உயிருள்ள சதை வரை வெட்டி நீக்குவது, புண்ணைச் சுற்றிய காய்ப்பைச் சீவுவது, சீழைத் திறந்து வடியவிடுவது. ஓரளவு பயிற்சி பெற்ற டாக்டர் சிறிய மருத்துவமனையிலும் செய்யக்கூடிய வேலை இது. நாடி பார்ப்பதற்கும் இயந்திரம் வேண்டாம். புறங்காலில் ஒரு தமனி, கணுக்காலின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் இன்னொன்று. இரண்டும் விரலுக்குத் துடிக்க வேண்டும். துடிக்கவில்லை என்றால் ரத்தக்குழாய் அறுவை நிபுணரிடம் அனுப்ப வேண்டும். அதைச் செய்யாமல் மாதக்கணக்கில் மாத்திரையை மாற்றி மாற்றி எழுதுவதில் அர்த்தமில்லை.

எலும்பைத் தொடும் கம்பி

புண்ணின் ஆழத்தை அறிய ஒரு பழைய சோதனை இருக்கிறது. முனை மழுங்கிய, கிருமி நீக்கிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெல்ல விடுகிறார் டாக்டர். சதை என்றால் கம்பி மெத்தையில் அமிழ்வதுபோல் நிற்கும். எலும்பு என்றால் கல்லில் பட்டதுபோல் விரல் நுனிக்குத் தெரியும். தொற்று கண்ட ஆழமான புண்ணில் அந்தக் கல் தட்டுப்பட்டால், எலும்பிலும் கிருமி ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். அதோடு ஒரு சாதாரண எக்ஸ்ரேயும் ரத்தம் படியும் வேகத்தைக் காட்டும் மலிவான சோதனையும் சேர்ந்தால், எம்.ஆர்.ஐ. வசதி இல்லாத ஊரிலும் பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிடலாம்.

புண்ணில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு மாதிரி எடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பல இடங்களில் கட்டைப் பிரித்ததும் பஞ்சுக் குச்சியால் புண்ணின் மேல் ஒரு ஒற்று ஒற்றி லேபுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதில் வளர்வது மேலே குடியிருக்கும் கூட்டம். உள்ளே சேதம் செய்கிற ஆள் அகப்படாமலே போகலாம். மூன்று கிருமிகளின் பெயரோடு ரிப்போர்ட் வரும். மூன்றுக்கும் சேர்த்து மூன்று மருந்து எழுதப்படும். முறையான வழி, புண்ணைக் கழுவிச் செத்த சதையை நீக்கிவிட்டு, அடியிலிருந்து ஒரு துணுக்குத் திசுவைச் சுரண்டி எடுத்து அனுப்புவது. கூடிய மட்டும் அதை ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும். தொற்று இல்லாத புண்ணுக்குக் கல்ச்சரே வேண்டாம். எடுத்தால் ஏதாவது வளரத்தான் செய்யும். வளர்ந்ததைப் பார்த்ததும் மருந்து எழுதக் கை துறுதுறுக்கும்.

எந்த மருந்து என்ற நான்காவது கேள்விக்கு இப்போது வரலாம். குளிர் நாடுகளில் இந்தத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற தோல் கிருமிகள். இந்தியா போன்ற வெப்ப நாடுகளில் சூடோமோனாஸ், ஈ.கோலை, கிளெப்சியெல்லா ஆகியவையும் அதிகம் காணப்படுகின்றன. எனவே அயல்நாட்டுப் புத்தகத்தை அப்படியே பின்பற்றவும் முடியாது. எடுத்த எடுப்பில் பெரிய துப்பாக்கியைத் தூக்கவும் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாடிக்குகளை மூன்றாகப் பிரித்துவைத்திருக்கிறது: எல்லாருக்கும் எட்ட வேண்டிய முதல்நிலை மருந்துகள், கவனித்துப் பயன்படுத்த வேண்டியவை, கடைசிக் கையிருப்பு. லேசான தொற்றுக்கு வழக்கமாகப் போதுமான செஃபலெக்சின், குளோக்சசிலின், அமாக்சிசிலின்-கிளாவுலனேட் மூன்றும் முதல் வகையைச் சேர்ந்தவை, கிடைப்பதும் எளிது. கடையில் நாம் கேட்டு வாங்கும் அசித்ரோமைசின், செஃபிக்சிம், சிப்ரோஃப்ளாக்ஸசின் மூன்றும் இரண்டாம் வகை.

சிப்ரோஃப்ளாக்ஸசின் குடும்பத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது சர்க்கரையைத் திடீரென்று இறக்கவோ ஏற்றவோ செய்யலாம். அந்தக் குடும்பத்தில் இந்த ஆபத்து மிகுந்த கேட்டிஃப்ளாக்ஸசினை இந்திய அரசு 2011இல் தடை செய்தது. சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டருக்குத் தெரியாமல் அந்த வகை மருந்தை வாங்கி விழுங்கினால், புண் ஆறுகிறதோ இல்லையோ, மயங்கி விழக்கூடும். ஜென்டமைசின் போன்ற ஊசிகள் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். கேப்சூல் பொடியைத் தூவுவதோ எதற்கும் உதவாத வேலை. அது புண்ணில் காய்ந்து பொருக்காகி, அடியில் நடப்பதை மறைத்துவிடுகிறது.

பரீட்சை அறையில் பிட்

அரைகுறையாகவும் தேவையில்லாமலும் தின்ற ஆன்டிபயாடிக், புண்ணில் இருக்கும் சாதுவான கிருமிகளைக் கொன்றுவிட்டு முரடர்களுக்கு இடம் ஒதுக்கித் தருகிறது. அந்த முரடர்கள் தம் வித்தையைத் தம்மோடு வைத்துக்கொள்வதும் இல்லை. பரீட்சை அறையில் ஒருவன் கொண்டுவந்த பிட் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறுவதுபோல், மருந்தை எதிர்க்கும் திறன் எழுதிய வளைய வடிவ டி.என்.ஏ. துண்டு ஒன்று கிருமியிலிருந்து கிருமிக்குக் கைமாறுகிறது. பிளாஸ்மிட் என்று அதற்குப் பெயர். ஈ.கோலையிடமிருந்து கிளெப்சியெல்லாவுக்கு, இனம் விட்டு இனம்கூடப் போகும். மாதக்கணக்கில் திறந்து கிடக்கும் கால் புண், மேற்பார்வையாளர் இல்லாத பரீட்சை அறை.

இது எங்கோ நடக்கிற சமாச்சாரம் இல்லை. கார்பபெனம் என்னும் வலிமையான ஊசிமருந்துகளையே சிதைக்கும் 'என்.டி.எம்.-1' நொதியைச் சுமந்த கிருமிகள் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதை 2010இல் உலகுக்குச் சொன்ன ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் ஆராயப்பட்ட மாதிரிகளில் ஒரு பகுதி சென்னையிலிருந்தே கிடைத்தவை. 2012இல் இந்திய மருத்துவ அமைப்புகள் கூடி ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கான செயல்திட்டத்தை வகுத்ததும் இதே நகரில்தான். 'சென்னைப் பிரகடனம்' என்றே அதற்குப் பெயர். 2019இல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் என்கிறது ஒரு பெரிய கணக்கீடு.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 'ஹெச் 1' பட்டியலில் உள்ள மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எழுதிக்கொடுத்தவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மருந்து அட்டையின் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு நமக்கான எச்சரிக்கை. அடுத்த முறை மாத்திரை வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

எத்தனை நாள்?

"புண் ஆறுகிறவரை சாப்பிடுங்கள்" என்பது பலருக்குக் கிடைக்கும் ஆலோசனை. பெருஞ்செலவும் பெருங்கெடுதலும் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து வருகின்றன. புண் ஆற மாதங்கள் ஆகலாம். தொற்று அடங்கச் சதையில் ஒன்று முதல் இரண்டு வாரம் போதும் என்கிறது 2023 வழிகாட்டி. எலும்பில் தொற்றி, அந்த எலும்பை வெட்டி எடுக்காமல் மருந்தாலேயே குணப்படுத்துவதானால் ஆறு வாரம். சூடும் வீக்கமும் சீழும் அடங்கியதும் ஆன்டிபயாடிக்கின் வேலை முடிந்தது. பிறகு புண்ணை மூட வேண்டியது உடம்பின் பொறுப்பு. நிறுத்தும் நாளை டாக்டர் முதல் நாளே சீட்டில் எழுதிவிடுவது நல்லது. அப்படி எழுதிவிட்டால், மூன்றாம் நாளே தேவலை என்று நோயாளி தானாக நிறுத்துவதும் நடக்காது, மூன்றாம் மாதமும் பழைய சீட்டை நீட்டி வாங்குவதும் நடக்காது.

இன்னொரு நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருக்கிறது. ஊசியும் டிரிப்ஸும்தான் பலமானவை, மாத்திரை சும்மா என்று நினைக்கிறோம். பிரிட்டனில் எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், முதல் ஆறு வாரச் சிகிச்சைக்கு மாத்திரை ஊசிக்குச் சளைக்கவில்லை. ஓராண்டுக்குள் சிகிச்சை தோற்றது ஊசிக் குழுவில் 14.6 சதவீதம், மாத்திரைக் குழுவில் 13.2 சதவீதம். ஆறு வாரம் படுக்கையில் கிடக்க வழியில்லாத கூலித் தொழிலாளிக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று சொல்ல வேண்டியதில்லை. சரியான நோயாளிக்கு, சரியான மாத்திரையை, டாக்டர் கண்காணிப்பில் கொடுப்பது என்பதுதான் நிபந்தனை.

சிக்கனம் என்றால் தாமதம் என்று அர்த்தம் இல்லை. குளிர் காய்ச்சல், கறுத்துப்போன விரல், அழுகிய நாற்றம், அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்ற சத்தம், மணிக்கணக்கில் மேலேறும் வீக்கம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்று இரவே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே வலிமையான ஊசியை உடனே தொடங்குவதுதான் பொறுப்பான செயல். அந்த நாளுக்கு அந்த மருந்து வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற நாட்களில் இவ்வளவு கண்டிப்பு.

வேலூரில் கற்ற பாடம்

மருந்து இல்லாமல் ஒரு புண் எப்படி ஆறும்? இதற்கு விடை கண்ட இடங்களில் ஒன்று நம் வேலூர். 1946இல் அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்களை ஆராய்ந்தார். நோயே சதையை அழுகவைக்கிறது என்பது அன்றைய நம்பிக்கை. வலி தெரியாததால் புண்ணின் மேலேயே நடந்து நடந்து அவர்களே சதையை நசுக்கிவிடுகிறார்கள் என்று அவர் கண்டார். மாவுக்கட்டுப் போட்டுக் காலுக்கு ஓய்வு கொடுத்தால், வருடக்கணக்கில் ஆறாத புண்ணும் ஆறியது. காலையில் எழுந்தால் சில நோயாளிகளின் விரல்கள் குறைந்திருக்கும்; அந்த மர்மத்துக்குக் காரணம் எலி; தூக்கத்தில் கடித்தாலும் உணர்வில்லை. பரிகாரமாகப் பூனை வளர்க்கச் சொன்னார்கள். தான்சானியாவின் தார் எஸ் சலாம் மருத்துவர்களும் நீரிழிவு நோயாளிகளின் காலில் இதே எலிக்கடியைப் பதிவு செய்திருக்கிறார்கள். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், வேலூர்ப் பாடத்தை அங்கே நீரிழிவுக் காலுக்கும் பொருத்தினார். பஞ்சு போன்ற நுண்ணறை ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பு தொழுநோயாளிகளிடமிருந்து சர்க்கரை நோயாளிகளுக்கு வந்ததும் இதே பாதையில்தான்.

காலின் மேலுள்ள சுமையை இறக்குவது, சுத்தமான உப்புநீரில் கழுவிச் சாதாரண காஸ் துணியால் கட்டுவது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் புண்ணை ஆற்றுகிறவை இவைதான். 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வாசலில் நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில், "ஐயா, செருப்பைக் கழற்றுங்க, காலைப் பார்க்கிறேன்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், பல ஆன்டிபயாடிக் சீட்டுகள் எழுதப்படாமலே போகும்.

அதுவரை வீட்டிலேயே செய்ய ஒரு சோதனை இருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவமனையில் உருவானது; கருவி எதுவும் வேண்டாம். வீட்டில் சுகர் உள்ளவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆட்காட்டி விரலால் மெல்ல, ஓரிரு நொடி மட்டும் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தொட்டது தெரியும்போதெல்லாம் "எந்தக் கால்?" என்பதை அவர் சொல்ல வேண்டும். ஆறு தொடுதலில் இரண்டையோ அதற்கு மேலோ அவர் தவறவிட்டால், பாதங்களில் உணர்வு குறைந்துவிட்டது என்று பொருள். அன்றிலிருந்து அந்த வீட்டில் செருப்பைப் போடும் முன் உதறிப் பார்ப்பதும், ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலை வேறொருவர் பார்ப்பதும் வழக்கமாக வேண்டும். ஆணி அப்போதும் குத்தலாம். ஆனால் ரத்தப் பொட்டு அடுப்படி வரை போயிருக்காது.